நேராக்கிய சுருட்டை முடி நனையும் நாள்

என் தலைமுடி பிறவிச் சுருட்டை. 11 ஆண்டுகளாக அதை ஸ்ட்ரெய்ட்னரால் நேராக்கித்தான் தோளில் விட்டுக்கொள்கிறேன். நேராக்கும் ரசாயனக் கிரீம் எதையும் ஒருமுறைகூடப் போட்டதில்லை என்பதால், இந்தக் கோரை முடி வேடமெல்லாம் அடுத்த முறை தலைக்குக் குளிக்கும் வரைதான். தண்ணீர் பட்ட சில நிமிடங்களில், தோளைத் தாண்டித் தொங்கிய முடி சுருண்டு சுருண்டு காதுமடல் வரை ஏறிக்கொள்ளும். அந்தச் சில நிமிடங்களை நான் வெகுகாலம் கவனித்ததே இல்லை. தலை அலசுவதை, ஸ்ட்ரெய்ட்னரைக் கையில் எடுப்பதற்கு முன் முடித்துத் தொலைக்க வேண்டிய ஒரு வேலையாகவே நினைத்திருந்தேன். எந்த ஸ்ட்ரெய்ட்னர் நல்லது, எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும், எந்தத் தைலம் மினுமினுப்பைத் தரும் என்பதிலேயே என் அக்கறை முழுவதும் போயிற்று.

அந்த நினைப்பை மாற்றியது நெற்றியோரத்தில் இருந்த ஒரே ஒரு கொத்து முடி. 14 மாதங்களுக்கு முன் ஒருநாள் அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தது. ஹேர் டிரையரை அரைகுறையாகக் காட்டிவிட்டு, இன்னும் ஈரம் இருந்த முடியில், வகிட்டுக்கு இடப்பக்கம் ஸ்ட்ரெய்ட்னரை வைத்து அழுத்தினேன். சுர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. வெண்மையாக ஆவி கிளம்பியது. முடி நேராகிவிட்டதால் மேற்கொண்டு ஒன்றும் யோசிக்காமல் கிளம்பிவிட்டேன். அடுத்த வாரம் தலைக்குக் குளித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தபோது, தலை முழுவதும் சுருள் திரும்பியிருக்க, அந்த ஒரு கொத்து மட்டும் நனைந்த நூல்போல நெற்றியில் தொங்கியது. விரலில் சுற்றி விட்டுப் பார்த்தேன். சுற்றிய வடிவத்தில் ஓரிரு நொடிகள் நின்று, பிறகு தானாகவே அவிழ்ந்து கீழே விழுந்தது. எத்தனை முறை அலசியும் அது சுருளவே இல்லை.

சுருட்டை முடி சூட்டில் நேராவதும் நீரில் மீண்டும் சுருள்வதும் எதனால் என்று தெரிந்துகொண்டால்தான் அந்தக் கொத்துக்கு நேர்ந்தது புரியும். மயிரிழையின் உடம்பு கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகளில், எளிதில் அறுந்து எளிதில் கூடுபவை ஹைட்ரஜன் பிணைப்புகள். முடி நனையும்போது அவை அவிழ்கின்றன. உலரும்போது, முடி அந்த நேரத்தில் எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே மறுபடி கூடுகின்றன. ஸ்ட்ரெய்ட்னரின் சூடு செய்வதும் இந்தப் பிணைப்புகளை அவிழ்த்து, முடி நேராக இருக்கும் நிலையில் மீண்டும் கூடவிடுவதுதான். மழைநாளின் ஈரக்காற்றே அதைக் கலைத்து முடியைப் பரட்டையாக்கிவிடுவதற்குக் காரணமும் இதுவே. சுருளின் நிரந்தர அச்சில் பெரும்பங்கு வகிக்கும் டைசல்பைடு பிணைப்புகளோ நீருக்கு அசைந்து கொடுப்பதில்லை. சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற கடும் காரம் கலந்த நேராக்கும் கிரீம்கள் அவற்றைத்தான் உடைக்கின்றன. அதனால்தான் அந்தக் கிரீம் போட்ட முடி மீண்டும் சுருள்வதில்லை. வெறும் சூட்டால் நேராக்குபவர்கள் அந்த எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். ஆனால் சூடு அளவை மீறும்போது கெரட்டினே தன் கட்டமைப்பை இழந்துவிடும். முடிக்குள் ஈரம் இருந்தால், அதற்கு வேண்டிய சூடும் வெகுவாகக் குறைந்துவிடும். என் நெற்றிக் கொத்துக்கு நடந்தது அதுதான். முடி சூட்டுக்குப் ‘பழகிவிட்டது’ என்று சிலர் இதைப் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது பழக்கம் அல்ல, சேதம்.

சேதம் ஏற்பட்ட முடி நேராக இருக்கும்போது நன்றாகவே தோன்றும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். நேராக்கி, தைலம் தடவி, சீவி முடித்த தலையைப் பார்த்து அந்த முடி நலமாக இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. நனையும்போது மட்டுமே அது தெரியும். ஆகவே சுருட்டை முடியை நேராக்கி வைத்திருப்பவர்களுக்குத் தலை அலசும் நாள்தான் சோதனை நாள் என்பது என் முடிவு. அழுக்கைப் போக்குவது அன்றைய வேலையில் பாதி. முடியின் நிலையைப் பார்த்து வைப்பது மீதிப் பாதி.

முடியின் நுனிக்கு எவ்வளவு வயதாகிறது என்பதையும் நாம் யோசிப்பதில்லை. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டரோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ வளர்கிறது. இழுத்துப் பிடித்தால் 40 சென்டிமீட்டர் வரும் என் முடியின் நுனி, அந்தக் கணக்கில், 3 ஆண்டுகளுக்கு முன் உச்சந்தலையிலிருந்து வெளியே வந்தது. 10 நாளுக்கு ஒருமுறை நேராக்கும் வழக்கத்தில் அந்த நுனி நூறு முறைக்கு மேல் சூடான தகடுகளுக்கு நடுவே போய் வந்திருக்கிறது. வேர்ப்பக்கத்து முடியோ நேற்று முளைத்த பிள்ளை. இரண்டுக்கும் ஒரே ஷாம்புவை ஒரே அளவில் ஒரே அழுத்தத்தில் தேய்ப்பது எவ்வளவு பொருந்தாத காரியம் என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே எனக்கு உறைத்தது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை அலசுவது என்பது அவரவர் உச்சந்தலையைப் பொறுத்தது. சுருட்டை முடியை இயல்பாக விட்டால், தலையில் சுரக்கும் எண்ணெய் சுருளின் வளைவுகளைத் தாண்டி நுனி வரை இறங்குவதில்லை. ஆகவே உச்சந்தலையில் எண்ணெய் இருக்க, நுனி வறண்டு கிடக்கும். அதே முடியை நேராக்கிச் சீவும்போது, எண்ணெய்க்கு வழி கிடைத்து வேர்ப்பக்கத்து முடியில் பரவுகிறது, முடி படிந்து எண்ணெய்ப் பிசுக்காகத் தோன்றுகிறது. நுனியோ சூடு பட்டு மேலும் வறண்டு போகிறது. கோரை முடியின் தொல்லையும் சுருட்டை முடியின் தொல்லையும் ஒரே தலையில் சேர்ந்துகொள்வது நம்மைப் போன்றவர்களுக்கு மட்டுமே வாய்த்த பேறு. வாரத்துக்கு ஒருமுறை முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரை என்பது இத்தகைய முடிக்குப் பொருத்தமான இடைவெளி. ஒவ்வோர் அலசலும் ஒரு புதிய நேராக்கலைக் கட்டாயமாக்குகிறது என்பதால், தினமும் தலைக்குக் குளிப்பது நமக்குக் கட்டுபடியாகாது. ஆனால் நேராக்கியது கலைந்துவிடுமே என்று மூன்று வாரம், நான்கு வாரம் எனத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவதும் தவறு. அதில் பொடுகும் அரிப்பும்தான் வரும். பிசுக்கும் தைலமும் ஏறிய முடியின் மேலேயே ஸ்ட்ரெய்ட்னரை மறுபடி மறுபடி ஓட்டுவதைவிட ஒருமுறை அலசிவிடுவது எவ்வளவோ மேல்.

அலசுவதற்கு முன் நான் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். வழிய வழிய அல்ல. நடுமுடியிலிருந்து நுனி வரை கொஞ்சமாகத் தடவி, ஒரு மணி நேரம் விடுவேன். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டபோது, முடியிலிருந்து புரதம் கழிந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியதாகவும் நேராகவும் இருப்பதால் அது இழைக்குள் புகுந்துவிடுகிறது. முடி நனையும்போது தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை நீரை உறிஞ்சிப் பருக்கக்கூடியது. இப்படிப் பருத்தும் சுருங்கியும் வருவதே நைந்த நுனிக்கு ஒரு சோர்வு. உள்ளே போன எண்ணெய் அந்த நீரேற்றத்தைச் சற்று மட்டுப்படுத்துகிறது. இதே எண்ணெயை நேராக்குவதற்குச் சற்று முன் தடவுவதில் எனக்கு உடன்பாடில்லை. அலசலுக்கு முன் தடவி, அலசலோடு போக்கிவிடுவதே அதற்குரிய இடம்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன், நேராக இருக்கும் நிலையிலேயே, விரல்களால் சிக்கெடுத்துவிட்டு முடியை நான்கு பாகமாகப் பிரித்துத் தளர்வாக முறுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் தலையை நனைத்தால் என்ன ஆகும் என்பது சுருட்டை முடிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். நேராகத் தொங்கிய இழைகள் ஒரே நேரத்தில் சுருண்டு மேலேறும்போது ஒன்றை ஒன்று பின்னிக்கொண்டு பெரிய முடிச்சாகிவிடும். உதிர்ந்தும் விழாமல் தலையிலேயே தங்கியிருக்கும் இழைகள் அந்த முடிச்சை இன்னும் இறுக்கும். நாள்தோறும் நூறு இழை வரை உதிர்வது இயல்பு என்பதால், 10 நாளுக்குப் பிறகு அலசும்போது கை நிறைய முடி வருவதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. என் அக்காவுக்குப் பிறவியிலேயே கோரை முடி. குளியலறைக்குள் போன 10 நிமிடத்தில் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வருகிறவள். கதவைத் தட்டி, “தலையைத்தானே அலசுற? துணி மூட்டையையா துவைக்கிற?” என்பாள். “நீ என் தலையை ஒரு தடவை அலசிப் பாருக்கா, அப்புறம் பேசு” என்று உள்ளிருந்தே பதில் போகும்.

ஷாம்பு உச்சந்தலைக்கு, கண்டிஷனர் நுனிக்கு என்பது பழைய பாடம்தான். ஆனால் நேராக்கும் முடிக்கு அது கூடுதலாகப் பொருந்தும். ஷாம்புவை ஒரு குவளையில் ஊற்றி நீர் கலந்து, பாகம் பாகமாக வகிடெடுத்து உச்சந்தலையில் விட்டு, விரல் நுனிகளால் தேய்க்கிறேன். முடியைத் தலைமேல் குவித்து நுங்கும் நுரையுமாகக் கசக்கும் விளம்பரக் காட்சியை மறந்துவிடுவது நல்லது. ஓடிவரும் நுரையே நுனியின் அழுக்கை எடுத்துவிடும். முதல் முறை பிசுக்கு இருப்பதால் நுரை வராது. இரண்டாம் முறை சிறிதளவு போதும். வழக்கமான அலசலுக்குக் கோகமிடோபுரோப்பைல் பீட்டைன் போன்ற மென்மையான நுரைப்பான்களை முதன்மையாகக் கொண்ட ஷாம்புவே எனக்கு ஒத்துவருகிறது. ஆனால் அழுக்கை வலுவாக எடுக்கும் சல்பேட் நுரைப்பான் என்றாலே விஷம் என்பதுபோலப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சூட்டுப் பாதுகாப்புத் தைலங்களில் உள்ள சிலிக்கோன்கள் அலசலுக்கு அலசல் முடியின் மேல் படிந்துகொண்டே வரும். படிவு தடித்தால் முடி கனத்து, மங்கி, கண்டிஷனர் போட்டாலும் போடாததுபோல இருக்கும். சோடியம் லாரெத் சல்பேட் கொண்ட ஆழ்ந்து சுத்தம் செய்யும் ஷாம்புவை மாதம் ஒருமுறை பயன்படுத்தினால் அந்தப் படிவு போய்விடும். கடின நீரில் அலசுபவர்களுக்குக் கால்சியமும் மக்னீசியமும் அதோடு சேர்ந்துகொள்ளும். அவர்கள் இ.டி.டி.ஏ. என்ற, அந்த உப்புகளைப் பிடித்து நீக்கும் பொருள் கலந்த ஷாம்புவைத் தேடுவது நல்லது. உடம்புக்குப் போடும் சோப்பைத் தலைக்குப் போடவே கூடாது. அதன் பிஎச் அளவு 9 முதல் 10 வரை இருக்கும். அந்தக் காரத்தன்மை முடியின் மேற்செதில்களைத் தூக்கி உராய்வைக் கூட்டும். கடின நீரோடு சேர்ந்தால் வெள்ளையாகப் படியும்.

கண்டிஷனரைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் நேராக்கும் முடியின் தலைவிதி பெருமளவு அந்தக் குப்பியில்தான் இருக்கிறது. நலமான மயிரிழையைச் சுற்றி ஓட்டுக்கூரைபோல 5 முதல் 10 அடுக்குச் செதில்கள் படிந்திருக்கும். அவற்றின் மேல் நீர் ஒட்டாத ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் இருக்கும். முடிக்கு வழுவழுப்பையும் மினுமினுப்பையும் தருவது அந்தப் படலம். காரமும் ப்ளீச்சும் திரும்பத் திரும்பப் படும் சூடும் அதை அழித்துவிடும். படலம் போன இடத்தில் இழையின் பரப்பு எதிர்மின் ஏற்றம் கொண்டதாகிவிடுகிறது. கண்டிஷனரில் உள்ள பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, செட்ரிமோனியம் குளோரைடு போன்றவை நேர்மின் ஏற்றம் கொண்டவை. அவை போய் ஒட்டிக்கொள்வது அந்த எதிர்மின் ஏற்றத்தின் மேல்தான். அதிலும் சேதம் அதிகமுள்ள இடத்தில் அதிகமாக ஒட்டும். நுனி எவ்வளவு நைந்திருக்கிறதோ அவ்வளவு கண்டிஷனரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதைப் படித்த அன்று எனக்கு அந்தக் குப்பியின்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

அதே குப்பியின் பின்புறத்தில் சீட்டைல் ஆல்கஹால், ஸ்டியரைல் ஆல்கஹால் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்படுபவர்கள் உண்டு. அவை கொழுப்பு ஆல்கஹால்கள்; அறை வெப்பத்தில் மெழுகுபோல இருப்பவை. முடியை வறளச் செய்யும் எத்தனாலோடு அவற்றுக்குப் பெயர் ஒற்றுமைதான் உண்டே தவிரக் குணத்தில் உறவில்லை. நேர்மின் பொருளோடு சேர்ந்து முடியை வழுக்கச் செய்பவை அவையே.

ஷாம்புவை அலசியதும் நீரைப் பிழிந்து எடுத்துவிட வேண்டும். சொட்டச் சொட்ட நிற்கும் முடியில் கண்டிஷனர் நீரோடு வழிந்து வீணாகும். நான்கு பாகங்களில் ஒன்றை மட்டும் அவிழ்த்து, நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கித் தடவிக்கொண்டு வந்து, உச்சந்தலைக்கு நான்கு விரற்கடை முன்பாக நிறுத்திவிடுவேன். பிறகு பெரிய பல் சீப்பு. நுனியில் சீப்பை வைத்து, அங்கே சிக்கு விட்ட பிறகு சற்று மேலே, அது விட்ட பிறகு இன்னும் மேலே என்று ஏற வேண்டும். வேரிலிருந்து ஒரே இழுப்பாகக் கீழே இறக்கினால், வழியிலுள்ள சிறு சிக்குகளெல்லாம் நுனியில் சேர்ந்து ஒரே முடிச்சாகி அறுந்து வரும். சுருட்டை இழையின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருப்பதால் அதன் வளைவுகளே உடையும் இடங்கள். நனைந்த முடி வேறு சாதாரணத்தைவிட அதிகமாக இழுபடும். இழுபடுகிறதே என்று இழுத்தால் திரும்பாமல் நீண்டுவிடும். கண்டிஷனர் வழுக்கும்போது மட்டுமே சீப்பைத் தொடுவது, அலசி முடித்த பிறகு தொடவே தொடாமலிருப்பது என்பதை நான் கட்டாயமாகவே வைத்திருக்கிறேன்.

இந்த நேரத்தில்தான் நான் முடியைப் பார்க்கிறேன். ஒவ்வொரு பாகத்திலிருந்தும் ஒரு சிறு கொத்தைப் பிரித்து, மெல்ல இழுத்து விடுவேன். நலமான சுருள் வில்போலத் தன் இடத்துக்குத் திரும்பும். சோர்ந்த சுருள் பாதி தூரம் திரும்பி நின்றுவிடும். சேதமான இழை திரும்பாது. கண்ணாடியில் பார்ப்பதைவிட விரலில் உணர்வதே எளிது. நலமான இழை ஈரத்திலும் சற்றுத் திண்ணென்று இருக்கும், சேதமானது ஊறிய பஞ்சு போலக் கொழகொழவென்று இருக்கும். அப்படிக் கொழகொழப்பு தட்டுப்பட்டால் அந்த வாரம் சிறு துண்டுகளாக உடைக்கப்பட்ட புரதம் கலந்த பராமரிப்பு ஒன்றைப் போடுகிறேன். அது உடைந்த இடங்களைத் தற்காலிகமாக நிரப்பி இழைக்கு விறைப்புத் தரும். அதையே வாரந்தோறும் போட்டபோது என் முடி விளக்குமாற்றுக் குச்சிபோல முரடாகிவிட்டது. இப்போது ஆறு வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் போடுவதில்லை. மற்ற வாரங்களில் கெட்டியான டீப் கண்டிஷனரைப் போட்டு, பிளாஸ்டிக் தொப்பி மாட்டி, 15 நிமிடம் விடுவதோடு சரி. இரவெல்லாம் ஊறவிட்டால் இரண்டு மடங்கு பலன் கிடைக்கும் என்று நம்பி, காலையில் கழுத்து வலியோடு எழுந்ததைத் தவிர வேறு எந்த மாற்றத்தையும் நான் கண்டதில்லை. கண்டிஷனரின் வேலை முதல் சில நிமிடங்களிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மீதி நேரம் முடி வெறுமனே ஊறிக்கொண்டிருக்கும்.

கண்டிஷனரை வெதுவெதுப்பான நீரில், முழுவதுமாகப் போகும் வரை அலச வேண்டும். இயல்பாக விடும் சுருட்டை முடியில் சிலர் கொஞ்சம் மிச்சம் வைப்பார்கள். நேராக்கும் முடியில் அது தகட்டில் ஒட்டிப் பழுப்பாகக் கருகும், முடியும் தொங்கித் துவளும். கடைசியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் செதில்கள் மூடிக்கொள்ளும் என்று பல ஆண்டுகள் பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றியிருக்கிறேன். செதில்களைப் படியவைப்பது கண்டிஷனரும் அதன் இலேசான அமிலத்தன்மையும்தான் என்று அறிந்த நாளோடு அந்த நடுக்கத்துக்கு விடை கொடுத்தேன்.

துவட்டுவதற்குப் பழைய பருத்திச் சட்டை போதும். தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு, தடவியபின் அலசாமல் அப்படியே விடும் வகைக் கண்டிஷனரைச் சிறிதளவு தடவி, சூட்டுப் பாதுகாப்புத் தைலத்தைப் பாகம் பாகமாகப் பூசுகிறேன். டைமெத்திகோன், அமோடைமெத்திகோன் முதலிய சிலிக்கோன்கள் சூடு இழைக்குள் பாயும் வேகத்தைக் குறைத்து, பரவலாகப் பகிர்ந்து விடுகின்றன. அவை கவசம் அல்ல. சேதத்தைக் குறைக்குமே தவிரத் தடுத்துவிடாது. 

முழுவதும் உலர்த்திய பிறகே ஸ்ட்ரெய்ட்னர் என்பதை இனி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈர முடியின் மேல் சூடான தகட்டை வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேற வழியின்றி இழைக்குள்ளேயே குமிழ்களை உண்டாக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த இழை துளைகள் நிறைந்த கடற்பஞ்சைப்போலத் தெரியும். தொட்டால் அந்த இடத்தில் ஒடியும். அன்று நான் கேட்ட சுர்ரென்ற சத்தம் இதுதான். டிரையரை நடுத்தரச் சூட்டில், ஒவ்வொரு பாகத்தையும் சீப்பால் இழுத்துப் பிடித்து, காற்று வேரிலிருந்து நுனி நோக்கிப் போகும்படி காட்டினால் முடி முக்கால்வாசி நேராகிவிடும்; ஸ்ட்ரெய்ட்னருக்குக் கொஞ்ச வேலையே மிஞ்சும். பல ஸ்ட்ரெய்ட்னர்கள் 230 டிகிரி செல்சியஸ் வரை போகும் என்பதற்காக அந்த எண்ணுக்குப் போக வேண்டிய கட்டாயம் நமக்கில்லை. என் முடிக்கு 170 போதுமானதாக இருக்கிறது. மெல்லிய இழைக்காரர்களுக்கு அதற்கும் கீழே போதும், தடித்த இழைக்குச் சற்றுக் கூடலாம். மெல்லிய கொத்தாகப் பிரித்து ஒருமுறை, மிஞ்சினால் இரண்டாவது முறை. குறைந்த சூட்டில் ஐந்தாறு முறை இழுப்பது மிதமான சூட்டில் ஒருமுறை இழுப்பதைவிட நல்லது என்ற கணக்கு தவறு.

அடுத்த அலசல் வரை அதைக் காப்பாற்றுவதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. இரவில் முடியைத் தலையைச் சுற்றிப் படியவைத்து சாட்டின் துணியால் கட்டிக்கொள்வதும், குளிக்கும்போது ஆவி படாமல் தொப்பி போடுவதும் போதும். நெற்றியோரம் இரண்டாம் நாளே பரட்டையாகும். ஆகட்டும் என்று விட்டுவிட வேண்டும். அந்த ஓரங்களை மட்டும் தினமும் தீட்டிக்கொண்டிருந்தவள் நான். பஞ்சாங்கம் பார்ப்பதுபோல ஸ்ட்ரெய்ட்னரைக் காலையில் முதலில் எடுத்த காலம் உண்டு. தலையிலேயே மிக மெல்லிய இழைகள் அங்கேதான் இருக்கின்றன. தலையிலேயே அதிகச் சூடு பட்டவையும் அவையாகத்தான் இருந்தன.

சேதமான முடியை எந்தக் கண்டிஷனரும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. முடியின் வெளியே தெரியும் பகுதி உயிரற்றது. அதற்குத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் வழியில்லை. ‘மீட்டெடுக்கும்’ என்று குப்பியில் எழுதியிருந்தால் அடுத்த அலசல் வரை மறைத்து வைக்கும் என்று படித்துக்கொள்ளலாம். வெட்டுவதும் வளரவிடுவதும்தான் உண்மையான வழி. நனைத்துப் பார்க்கும்போது திரும்பாத நுனி எவ்வளவு நீளம் என்று கண்டுவைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் ஒரு பகுதியை வெட்டிவருகிறேன். நேராக இருக்கும்போது வெட்டச் சொன்னால் நுனிகளைச் சமமாக்கிவிட்டு, சேதத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். ஆகவே வெட்ட வேண்டிய இடத்தை ஈரத்தில் நானே குறித்துக்கொண்டு போகிறேன்.

நெற்றிக் கொத்தை மட்டும் இன்னும் வெட்டவில்லை. வெட்டினால் வகிட்டின் ஓரத்தில் குச்சி குச்சியாக நிற்கும் என்ற அழகுக் கவலைதான் காரணம். சென்ற ஞாயிறு கண்டிஷனரோடு அதைப் பிரித்து இழுத்து அளவுகோலை வைத்துப் பார்த்தேன். வேரிலிருந்து 16 சென்டிமீட்டர் வரை புதிதாக வளர்ந்திருக்கிறது. கையை விட்டதும் அந்த 16 சென்டிமீட்டரும் ஒரே துள்ளலில் சுருண்டு புருவத்துக்கு மேலே போய் நின்றது; அதற்குக் கீழே உள்ள மிச்சம் மட்டும் நேராக மூக்கின் மேல் தொங்கி நீர் சொட்டிக்கொண்டிருந்தது.